சண்டை தாங்கிய பேட்டரி

செவக்காட்டூரில் ஒரு பேட்டரியை விமானத்தில் ஏற்றுவதற்கு முன்னால் அதை வீட்டுக்கு விருந்தாளியாக அழைத்து, ஒரு வாரம் தங்கவைத்து, வீட்டுச் சண்டையை அது தாங்குகிறதா என்று பார்ப்பார்கள். தாங்கினால் ஏற்றுவார்கள். தாங்காவிட்டால் பலகாரம் கட்டிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

விமானம் என்றால் ஆள் ஏறுகிற விமானம் இல்லை. ஒரு ஆள் நீளம் இருக்கும் மாடல் ஜெட். மண்ணெண்ணெயில் ஓடும், தரையில் நின்று ரிமோட்டில் ஓட்டலாம். ஊரில் வீட்டுக்கு ஒன்று உண்டு. ஆனி மாதம் பிறந்ததும் ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் ஜெட்டைத் தங்கள் வீட்டுக்கு மேலிருக்கும் வானத்தின் நான்கு மூலைக்கும் ஒரு சுற்று ஓட்டி இறக்குவார்கள். அது விட்டுச்செல்லும் புகைதான் வரப்பு. ஒரு வருடத்துக்குக் கலையாது. அந்த வரப்புக்குள் விழும் வெயிலும் மழையும் அந்த வீட்டுக்குச் சொந்தம்.

மூன்று ஆனி தொடர்ந்து ஒரு வீட்டின் ஜெட் விழுந்துவிட்டால் வானம் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். அதைப் பெற்றவர் அதற்கும் சேர்த்து வரப்பு ஓட்ட வேண்டும். ஓட்டாமல் போட்டு வைத்தால், எந்த வீட்டு ஜெட்டும் தன் வரப்பை முடித்துவிட்டு அதே ஓட்டத்தில் அதையும் சுற்றி வந்து எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அப்படி யாரும் எடுத்ததில்லை. ஒரு வானத்தைச் சுற்றி வருவதற்குள்ளேயே எல்லோருடைய பேட்டரியும் இளைத்துப்போகும்.

அருமைநாயகத்தின் ஜெட் இரண்டு ஆனி விழுந்துவிட்டது. இது மூன்றாவது.

அவர் மினிபஸ் கண்டக்டர். மனைவி செண்பகவல்லி மோர்மிளகாய் வத்தல் போடுகிறவள். அவர்கள் வீட்டு மொட்டைமாடி முழுக்கச் சாக்கு விரித்து மிளகாய் காயும். நாலு ஊர்க் கடைகளில் அவள் வத்தலுக்கென்று ஆள் வந்து நிற்கும். அவள் தொழிலில் மிளகாய் வாங்கலாம், தயிர் வாங்கலாம், வெயிலை வாங்க முடியாது. வானம் போனால் வெயில் போச்சு. வெயில் போனால் வத்தல் போச்சு.

வானம் போன வீடு எப்படி இருக்கும் என்பதற்கு எதிர் வீட்டுச் சொர்ணத்தக்காவைப் பார்த்தால் போதும். அவள் தனியாள். மூன்று ஜெட்டும் விழுந்து, அவள் வானம் அவளுக்குப் பக்கத்து வீட்டுப் பூதப்பாண்டியிடம் போய்விட்டது. அதிலிருந்து அவள் வீட்டுக்கு மேலே ஒன்றும் இல்லை. மத்தியானத்திலும் விளக்கேற்றித்தான் கீரை ஆய்வாள். துவைத்த துணியை வாளியோடு தூக்கிக்கொண்டு தெருவில் வருவாள்.

“ஏ செண்பகம், ஒரு சேலை காயுற அளவுக்கு வெயில் இருக்குமாட்டி?”

“கொண்டாங்கக்கா, அந்த ஓரத்துல போடுங்க. மிளகாய் மேல மட்டும் நிழல் விழுந்துராம.”

பூதப்பாண்டி அந்த வானத்துக்கு ஒரு தடவைகூட வரப்பு ஓட்டவில்லை. சுருட்டித் தன் வானத்தின் ஓரமாகச் சாய்த்து வைத்திருந்தார். பார்க்கிறவர்களுக்கு அது மழைமேகம் போலத் தெரியும். கெட்ட மனுஷர் இல்லை. இடம் இருந்தது, வைத்திருந்தார். அவர் வீட்டுக்கு அந்தப் பக்கம் சொர்ணத்தக்கா என்றால், தெருவைத் தாண்டி இந்தப் பக்கம் அருமைநாயகம். இந்த ஆனியிலும் ஜெட் விழுந்தால் அருமைநாயகத்தின் வானமும் அவருக்குத்தான். அவர் முன்யோசனைக்காரர். அதையும் தொங்கப்போடக் கொடிக்கயிறு வாங்கி வைத்துவிட்டார்.

கோளாறு ஜெட்டில் இல்லை, ஓட்டுகிறவரிடமும் இல்லை, பேட்டரியில்தான் என்பது ஊருக்கே தெரியும். எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் போதும். ஆனால் தரையிலிருந்து சொல்வதைக் கேட்கிற ரிசீவருக்கும் இறக்கையைத் திருப்புகிற குட்டி மோட்டார்களுக்கும் பேட்டரிதான் சோறு போடுகிறது. நேராகப் பறக்கும்வரை பிரச்சினை இல்லை. மூலை வந்து திரும்பும்போது எல்லா மோட்டாரும் ஒரே நேரத்தில் கையை நீட்டும். அந்த நேரத்தில் பேட்டரிக்கு மூச்சு முட்டினால் ரிசீவருக்குக் காது அடைத்துவிடும். காது அடைத்த விமானம் தனக்குத் தோன்றிய இடத்துக்குப் போகும். பெரும்பாலும் கீழே.

சும்மா இருக்கும்போது எந்தப் பேட்டரியும் யோக்கியன்தான். மீட்டர் வைத்துப் பார்த்தால் முள் நிமிர்ந்து நிற்கும். பாரம் ஏறும்போது நிற்கிறதா என்பதுதான் கேள்வி. வீட்டுச் சண்டையைவிடச் சீராகப் பாரம் ஏற்றுகிற கருவி செவக்காட்டூரில் வேறு இல்லை. அதனால் சண்டைக்கார வீடுகளில் ஜெட் விழுவதே இல்லை. பூதப்பாண்டியும் அவர் மனைவி பிரமுவும் பல் விளக்குவதற்கு முன்பே ஆரம்பித்துவிடுவார்கள். அவர்கள் வீட்டுப் பேட்டரி கருங்கல் மாதிரி இருக்கும்.

அருமைநாயகத்தின் வீட்டில் சண்டை கிடையாது. சில்லறைக்காகவும் படிக்கட்டில் தொங்குகிறவர்களுக்காகவும் சண்டை போட்டு அவருடைய சண்டையெல்லாம் பஸ்ஸிலேயே தீர்ந்துவிடும். வீட்டுக்குக் கொண்டுவர மிச்சம் இருக்காது. செண்பகவல்லியின் காரம் முழுக்க மிளகாயில் இறங்கிவிடும். சாயங்காலம் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடும்போது விருந்துக்கு வந்த பேட்டரி நடுவில் தட்டு முன்னால் உட்கார்ந்திருக்கும். மீட்டர் முள் அசையாது. நல்ல பேட்டரி என்று அவர்களும் நம்பி ஏற்றினார்கள். இரண்டு ஆனியும் மூன்றாவது மூலையில் விழுந்தது.

இந்த வருடம் இரண்டு பேட்டரிகள் விருந்துக்கு வந்தன. ஒன்று சிவப்பு உறை போட்டது, இன்னொன்று நீலம். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு விமானத்துக்கு ஒரு பேட்டரி என்பது ஊர் வழக்கம். இரண்டு பேட்டரி ஏற்றியவர்கள் என்று யாரும் இல்லை. அது, பந்தியில் ஒருவரே இரண்டு இடம் பிடிப்பது மாதிரி.

செண்பகவல்லி இரண்டுக்கும் வாசலிலேயே தண்ணீர் கொடுத்து உள்ளே அழைத்தாள். தனித்தனித் தட்டு வைத்தாள். பேட்டரிகள் பேசுவதில்லை. விருந்தாளி அதிகம் பேசாமலிருப்பது மரியாதை என்பதால் யாருக்கும் அது குறையாகப் படவில்லை.

முதல் நாள் அவர்களே சண்டைக்கு முயன்றார்கள். சிவப்பைப் பலகையில் உட்காரவைத்து, மீட்டரை மாட்டி, அருமைநாயகம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“ஏன் குழம்புல இவ்வளவு உப்பு?”

“கூடிட்டா? கொஞ்சம் இருங்க, உருளைக்கிழங்கு வெட்டிப் போடுதேன்.”

“அப்படிச் சொல்லக் கூடாது. எதிர்த்துப் பேசணும்.”

“சரி. உப்பு அப்படித்தான் இருக்கும்.”

“இருந்துட்டுப் போகட்டும்.”

“நீங்களும் எதிர்த்துத்தான பேசணும்?”

முள் அசையவில்லை. தெருவுக்கு அந்தப் பக்கம் தன் வீட்டு மதில் மேல் கையூன்றிப் பார்த்துக்கொண்டிருந்த பூதப்பாண்டி தலையில் அடித்துக்கொண்டார்.

“என்னவே அருமை, இதுக்குப் பேரு சண்டையா? பொண்ணு கேட்டு வந்தவங்க பேசுத மாதிரில்லா இருக்கு.”

“வரமாட்டேங்குது அண்ணாச்சி.”

“நாங்க வேணா வந்து போட்டுத் தரவா? பிரமு சும்மாதான் இருக்கா.”

“யாரு சும்மா இருக்கா?” என்று அவர் வீட்டுக்குள்ளிருந்து பிரமுவின் குரல் வந்தது. “பொழுதன்னைக்கும் மதில்ல தொங்கிட்டு ஊர் கதை பேசுத ஆளு, என்னையச் சும்மா இருக்கேன்னு சொல்லுதியளா?”

“பார்த்தீரா? ஆரம்பிச்சாச்சு. கதவைத் திறயும்.”

அருமைநாயகத்தின் வானம் தனக்கு வர வேண்டுமென்ற ஆசை பூதப்பாண்டிக்கு இருந்தது. அதற்காகச் சண்டையில் கலப்படம் செய்கிற ஆள் இல்லை அவர். இருவரும் வந்து கூடத்தின் நடுவில் நின்று முதல் தரமான சண்டை போட்டார்கள். பிரமுவின் தங்கச்சி கல்யாணத்தில் யார் யாருக்கு முதல் பந்தியில் இடம் கிடைக்கவில்லை என்பதில் தொடங்கி, பூதப்பாண்டியின் குறட்டை, அவர் அம்மாவின் குறட்டை, பரம்பரையின் குறட்டை என்று போனது. பரணில் இருந்த பாத்திரங்கள் அதிர்ந்தன. சிவப்பையும் நீலத்தையும் மாற்றி மாற்றி மாட்டிப் பார்த்தார் அருமைநாயகம். முள் இறங்கவே இல்லை. கொஞ்சம் ஏறக்கூடச் செய்தது.

“ரெண்டுமே சிங்கம்வே,” என்றார் பூதப்பாண்டி வியர்வையைத் துடைத்துக்கொண்டு. அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். “எதை வேணாலும் ஏத்தும்.”

அவர்கள் மோர் குடித்துவிட்டுப் போன பிறகு செண்பகவல்லி பேட்டரிகள் முன்னால் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தாள்.

“இது ரெண்டும் வேடிக்கை பார்த்திருக்குங்க,” என்றாள்.

“என்ன சொல்லுத?”

“அடுத்த வீட்டுச் சண்டை யாருக்குப் பாரம்? காதைத் தீட்டிக்கிட்டுல்லா இருந்துச்சு. அதான் முள்ளு ஏறியிருக்கு.”

அவர் யோசித்துப் பார்த்தார். பஸ்ஸில் யாராவது இரண்டு பேர் சண்டை போட்டால் மற்ற பயணிகள் இறங்க வேண்டிய இடத்தையும் மறந்து தெம்பாக உட்கார்ந்திருப்பார்கள். அவள் சொல்வது சரி. இது பாரமே இல்லை.

நாள் ஓடியது. விருந்தாளிகள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கப் பழகிவிட்டார்கள். வீட்டில் மீட்டர் ஒன்றுதான். அதனால் செண்பகவல்லி இரண்டின் வயரையும் சேர்த்து முறுக்கி, ஒரே மீட்டரில் மாட்டிப் பலகையில் வைத்துவிட்டாள். முறுக்கியது பேட்டரி விஷயம் தெரிந்து இல்லை. பூ கட்டுகிற கைக்கு இரண்டு நுனியைக் கண்டால் சேர்த்து முடியத் தோன்றும்.

ஜெட் நாளுக்கு முந்தின நாள் மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் மழை பிடித்தது. மாடியில் ஒரு வாரத்து மிளகாய் கிடந்தது. செண்பகவல்லி கடைக்குப் போயிருந்தாள். போகும்போது, “வானத்தைப் பாத்துக்கோங்க” என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அருமைநாயகம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். மேகம் வந்ததைப் பார்த்தார், கறுத்ததைப் பார்த்தார், இதுதான் நம் தலைக்கு மேல் இருக்கிற கடைசி மழையோ என்று அவருக்குத் தோன்றியது. மழை விழத் தொடங்கியதையும் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார்.

அவள் நனைந்துகொண்டே ஓடிவந்து மாடியைப் பார்த்துவிட்டு இறங்கினாள்.

“உங்ககிட்ட என்ன சொல்லிட்டுப் போனேன்?”

அவர் மூலையில் மடித்துக் கிடந்த சாக்கைப் பார்த்தார்.

“ஒரு சாக்கு எடுத்து மூடக் கையில வலுவில்லையா? வாரம் பூரா முதுகு ஒடிஞ்சு காயப்போட்டது நான். எல்லாம் இப்ப ஊறிப்போய்க் கிடக்கு. எப்பப் பாத்தாலும் மேலயே பார்த்துட்டு நிக்க வேண்டியது. ரெண்டு வருஷமா இதத்தான பாக்கேன். ஜெட்டு விழுந்தா நீங்க பஸ்ஸேறிப் போயிருவீங்க. இந்த வீட்டுக்குள்ள இருட்டுல உக்காந்திருக்கப் போறவ நான்லா?”

அவர் துண்டை எடுத்து நீட்டினார். அவள் வாங்கவில்லை. ஈரத்தோடு நின்று, இத்தனை வருடம் மிளகாய்க்குள் போட்டு மூடி வைத்ததையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தாள். முழுக்க வைத்து முடித்துக் களைத்து அவள் முக்காலியில் உட்கார்ந்த பிறகு அவருக்குக் கோபம் வந்தது.

“நான் மட்டும் சந்தோஷமாவா நிக்கேன்? ரெண்டு தடவ விழுந்தப்பவும் நீ ஒரு வார்த்தை கேக்கல. ‘சாப்பிட வாங்க’ன்ன. ஒரு தடவ ஏன் விழுந்துச்சுன்னு கேட்டிருக்கக் கூடாதா? நான் ஒருத்தனாவே தூக்கிட்டு அலையுதேன்லா?”

அவள் எழுந்து அவர் கையிலிருந்த துண்டை வாங்கித் தலையைத் துவட்டினாள்.

அப்போதுதான் இருவரும் பலகையைப் பார்த்தார்கள். மீட்டர் முள் காலையில் நின்ற இடத்திலேயே நின்றது. அவள் பேட்டரிகளைத் தொட்டுப் பார்த்தாள். சிவப்பு இளைத்து ஆறிக் கிடந்தது. நீலம் சூடாக இருந்தது.

“நான் கத்தும்போது இது துவண்டிருக்கு,” என்றாள், “அப்ப நீலம் தாங்கியிருக்கு.”

“இரு, இரு.” அவர் குனிந்தார். சிவப்பு மெல்லச் சூடேறி வந்தது. நீலம் பெருமூச்சு விட்டு ஆறத் தொடங்கியது. “இப்ப இது அதைத் தாங்குது.”

“நம்ம வீட்டுல சண்டை இல்லாம இல்லங்க. ஒரு நேரத்துல ஒருத்தருதான் போடுதோம்.”

அன்று சாயங்காலம் விருந்தாளிகளுக்கு வடை போட்டாள்.

ஊருக்கு வெளியே, எப்போதோ நடந்த உலகச் சண்டைக்காகப் போட்டுவிட்டுப் போன ஓடுதளம் இருக்கிறது. மறுநாள் காலையில் ஊரே அங்கே கூடியது. சொர்ணத்தக்கா ஈரத்துணி வாளியோடு வந்திருந்தாள். கூட்டத்துக்கு நடுவே வெயில் நன்றாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். பூதப்பாண்டி தன் வரப்பை ஓட்டி இறக்கிவிட்டு, கொடிக்கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார்.

வரப்பு மேற்பார்வை எஸ்தர் ராஜம். ஒவ்வொரு ஜெட்டின் மூக்கு மூடியையும் திறந்து பார்த்துத்தான் கொடி காட்டுவாள். அருமைநாயகத்தின் ஜெட்டைத் திறந்தவள் நிமிர்ந்தாள்.

“ரெண்டு இருக்கே?”

“ரெண்டுதான் அம்மா. தனித்தனி வயரு. தனித்தனி சுவிட்சு. ஆட்டத்துல அடிபடாம இருக்கப் பஞ்சு சுத்தியிருக்கேன்.”

கூட்டம் முணுமுணுத்தது. “ஒண்ணு மேல நம்பிக்கை இல்லன்னுல்லா அர்த்தம்?” என்றார் ஒருவர்.

எஸ்தர் ராஜம் கையை உயர்த்தினாள். செண்பகவல்லியைப் பார்த்துக் கேட்டாள்:

“ரெண்டுக்கும் விருந்து வச்சீங்களா?”

“வச்சோம்.”

“ஒரே தட்டா, தனித்தனித் தட்டா?”

“தனித்தனித் தட்டு. நேத்து வடை.”

“அப்ப என்ன, ஏத்துங்க,” என்று கொடியை இறக்கினாள்.

ஜெட் சீறிக்கொண்டு ஓடி எழும்பியது. முதல் மூலையை அருமைநாயகம் வேப்பமரத்துக்கு மேலே வளைத்தார். புகை வெள்ளைக்கோடாக விழுந்தது. இரண்டாம் மூலை குளத்தங்கரை. அதுவும் ஆயிற்று. மூன்றாம் மூலை வந்தது. போன இரண்டு ஜெட்டும் விழுந்து மண்ணில் இரண்டு குழி கிடக்கிற இடத்துக்கு நேர் மேலே. அவர் ரிமோட்டின் குச்சியைச் சாய்த்தார். இறக்கையில் எல்லா மோட்டாரும் ஒன்றாகக் கையை நீட்டின.

ஜெட் தலையைத் தொங்கப் போட்டது.

கூட்டம் பின்வாங்கியது. பூதப்பாண்டி தன்னை அறியாமல் கொடிக்கயிற்றை அவிழ்த்தார். அருமைநாயகம் குச்சியை விடாமல் சாய்த்துப் பிடித்தார். அந்த நேரத்தில் செண்பகவல்லி அவர் தோளில் கை வைத்தாள். அவள் கை சூடாக இருந்தது.

மேலே நீலம் தாங்கிக்கொண்டது. காது திறந்த விமானம், கூப்பிட்ட குரலுக்குத் திரும்புகிற மாதிரி நிமிர்ந்து மூலையை அறுத்துக்கொண்டு திரும்பியது. கூட்டத்தில் முதலில் கத்தியது பூதப்பாண்டிதான்.

“திரும்பிட்டுவே! அருமை, திரும்பிட்டு!”

“அது விழணும்னுதான கயிறு வாங்கினீக?” என்றாள் பிரமு.

“அது வேற. இது வேற. நீ சும்மா இரு.”

நான்காம் மூலையும் முடிந்து கோடு கோட்டோடு சேர்ந்தது. வீட்டுக்கு மேலிருந்த வானம் தறியிலிருந்து இறங்கிய வேட்டி மாதிரி விறைப்பாக நின்றது. அருமைநாயகம் ஜெட்டை இறக்கத் திருப்பினார்.

“இன்னும் இருக்கா?” என்று கேட்டாள் செண்பகவல்லி.

அவர் ரிமோட்டைப் பார்த்தார். சிவப்பு எழுந்து வந்துவிட்டிருந்தது. “ரெண்டுலயும் இருக்கு.”

“அப்பச் சொர்ணத்தக்கா வானத்தையும் ஒரு சுத்துப் போயிட்டு வாங்க.”

செவக்காட்டூரில் அதுவரை எந்த ஜெட்டும் போகாத வழியில் அது போனது. பூதப்பாண்டி சுருட்டி வைத்திருந்த வானத்தைச் சுற்றி நான்கு மூலையும் வளைத்தது. ஒவ்வொரு மூலையிலும் ஒன்று துவள மற்றது தாங்கிக்கொண்டது. எந்த மூலையில் எது என்று தரையில் யாருக்கும் தெரியவில்லை. கோடு மூடியதும் கூட்டம் ஆர்ப்பரித்தது. மினிபஸ் டிரைவர் ஓடுதளத்தின் ஓரத்தில் நிறுத்தியிருந்த பஸ்ஸின் ஹாரனை விடாமல் அடித்தார். எஸ்தர் ராஜம் கொடியைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினாள். ஜெட் கொக்கு இறங்குகிற மாதிரி வந்து இறங்கி, அருமைநாயகத்தின் கால் அருகே நின்றது.

அவர் மூக்கு மூடியைத் திறந்து இரண்டையும் வெளியே எடுத்தார். இரண்டும் ஒரே சூட்டில் இருந்தன. ஆளுக்கு ஒன்றைக் கையில் ஏந்திக்கொண்டு இருவரும் ஊர் வழியாக நடந்து வந்தார்கள். வழியில் பூதப்பாண்டி பக்கத்தில் வந்து சேர்ந்தார். கொடிக்கயிற்றை அருமைநாயகத்தின் கையில் திணித்தார்.

“வச்சுக்கோரும். ரெண்டு வானக்காரரு. உமக்குத்தான் தேவைப்படும்.”

“அண்ணாச்சி, வருத்தம் ஒண்ணும் இல்லியே?”

“இருக்குவே. வீட்டுல போயி அதுக்கு ஒரு சண்டை போட்டுக்கிடுதேன்.”

சாயங்காலம் செண்பகவல்லி அந்த வானத்தை இறக்கி உதறினாள். சுருட்டி வைத்ததில் மடிப்பு விழுந்திருந்தது. கொஞ்சம் தண்ணீர் தெளித்து நீவிவிட்டு, நாலாக மடித்து, மூடி போட்ட பித்தளைத் தூக்கில் வைத்து எதிர் வீட்டுக்குக் கொண்டுபோனாள். சொர்ணத்தக்கா விளக்கு வெளிச்சத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“இந்தாங்கக்கா, உங்க வானம். பாத்து விரிங்க, ஓரத்துல ஒரு மழை மாட்டிக்கிட்டு இருக்கு.”

“உனக்கு வேண்டாமாட்டி?”

“எங்களுக்கு எங்களுது போதும்க்கா.”

சொர்ணத்தக்கா மூடியைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, வெங்காயக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். பிறகு கண்ணையும் துடைத்தாள். வெங்காயம் நல்ல காரம்.

காலையில் அவள் வீட்டுக்கு மேலே வெயில் அடித்தது. முற்றத்தில் அவளுடைய மூன்று வருடத்துச் சேலைகள் காய்ந்தன. பத்துமணி வாக்கில் தூக்கைத் திருப்பிக் கொண்டுவந்தாள்.

“வெறும் பாத்திரமாத் தரக் கூடாதுல்லா,” என்றாள். “வீட்டுல இதுதான் நிறைய இருந்துச்சு.”

செண்பகவல்லி மூடியைத் திறந்தாள். உள்ளே நல்ல கெட்டியான இருட்டு, விளிம்புவரை இருந்தது. அவள் அதில் ஒரு கை அள்ளிப் பார்த்தாள். பிறகு வத்தல் பானையைத் திறந்து மிளகாயின் மேல் ஒரே சீராகப் பரப்பினாள். இருட்டில் வைத்தால் வத்தல் நிறம் மாறாது. மீதியை இரண்டு கிண்ணத்தில் ஊற்றி, அசந்து தூங்கிக்கொண்டிருந்த சிவப்பின் கண் மேலும் நீலத்தின் கண் மேலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போர்த்திவிட்டு, மாடிக்குப் போய்ச் சாக்கை விரித்தாள்.